அண்ணன் எழுதிய கடிதங்கள்

2000ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் கடற்படையின் ‘ஆர்எஸ்எஸ் எண்டியூரன்ஸ்’ உலகைச் சுற்றி வந்தது. நம் கடற்படைக் கப்பல் ஒன்று அவ்வாறு சுற்றி வந்தது அதுவே முதன்முறை. சிங்கப்பூரிலேயே கட்டப்பட்ட அந்தக் கப்பலின் நீளம் 141 மீட்டர். ஜாலான் புசார் விளையாட்டரங்கின் காற்பந்துத் திடலைவிட நீளம்! அதில் என் அண்ணன் இயந்திரத் தொழில்நுட்பராகப் பணியாற்றினார்.

மின்னஞ்சல் வந்துவிட்ட காலம்தான். ஆனாலும், பாட்டிக்காக அண்ணன் தாளில்தான் எழுதுவார். ஜாலான் புசாரில் இருந்த எங்கள் வீட்டில் அவற்றை வாசித்துக் காட்டுவது என் வேலை. அப்போது நான் உயர்நிலை இரண்டில் படித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் துறைமுகங்களைவிட இயந்திரங்களைப் பற்றியே அதிகம் எழுதினார். இயந்திர அறையின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காதாம். காதடைப்பான் அணிந்து, கைச்சாடையால் பேசிக்கொள்வார்களாம். சூயஸ் கால்வாயில் மேல்தளத்திற்கு வந்து பார்த்தால், கப்பல் மணல்மீதே போவதுபோல் இருந்ததாம். பனாமா கால்வாய்தான் அவரை மிகவும் கவர்ந்தது. அங்கே கப்பலைப் பெரிய தொட்டி ஒன்றில் நிறுத்தி, கதவை மூடி, நீரை நிரப்புவார்கள். நீர் உயர உயரக் கப்பலும் உயரும். இப்படிப் படிப்படியாக 26 மீட்டர் ஏறி ஓர் ஏரியை அடையும். “நம் புளோக்கின் ஒன்பதாம் மாடிக்குக் கப்பல் மின்தூக்கியில் ஏறுவதாக நினைத்துக்கொள். ஆனால், ஒரு பம்புகூடக் கிடையாது. ஏரி நீரே இறங்கி வந்து தொட்டியை நிரப்புகிறது!” என்று எழுதியிருந்தார்.

ஜூலை 4ஆம் தேதி நியூயார்க்கில் நடந்த அனைத்துலகக் கடற்படை அணிவகுப்பு அவருக்கு இரண்டே வரிகளில் முடிந்துவிட்டது. அதற்கு அடுத்த வரியைப் பார்த்ததும் என் குரல் தடுமாறியது. ‘மூன்று நாளாகப் பெரிய அலை. ஒரு வாய்ச் சோறும் வயிற்றில் தங்கவில்லை.’ பாட்டி பயந்துவிடுவாரே என்று அதைத் தாண்டிப் போனேன்.

“இடையில் எதையோ விட்டுவிட்டாயே, கண்ணு?” என்றார் பாட்டி.

வேறு வழியின்றி வாசித்தேன். பாட்டி பயப்படவில்லை, சிரித்தார்.

1951இல் நாகப்பட்டினத்திலிருந்து ‘ராஜுலா’ கப்பலில் வந்தவர் அவர். அங்கே கப்பல் கரைக்கு வராது. படகில் போய்த்தான் ஏற வேண்டும்.

“படகிலேயே எனக்கு வாந்தி வந்துவிட்டது. வழியெல்லாம் சுருண்டு படுத்துக் கிடந்தேன். இங்கே வந்ததும் அம்மாவுக்குக் கடிதம் எழுதச் சொன்னேன். என்ன எழுதச் சொன்னேன் தெரியுமா? ‘சுகமாக வந்து சேர்ந்தேன்.’ அவ்வளவுதான்.”

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எலுமிச்சம்பழம் கிடைத்தால் முகர்ந்துகொண்டிருக்கச் சொல். காதடைப்பானைக் கழற்ற வேண்டாம் என்றும் எழுது” என்றார்.

நான் பேனாவை எடுத்தேன்.