மண்ணையும் பாறையையும் கற்பித்தல்

சென்ற நூற்றாண்டிற்கு முந்தைய நூற்றாண்டில் கங்கைக் கால்வாய் வெட்டப்பட்டபோது ரூர்க்கிக்கு அருகில் சோலானி ஆறு குறுக்கிட்டது. ஆற்றின் மீது நீர்ப்பாலம் ஒன்று கட்டிக் கால்வாயை அதன் வழியே கொண்டு செல்ல வேண்டியிருந்தது. இத்தகைய பணிகளைக் கண்காணிக்கப் பயிற்சி பெற்றோர் நாட்டில் போதிய அளவில் இல்லை. அந்தத் தேவையின் விளைவாகவே 1847-இல் ரூர்க்கியில் பொறியியல் கல்லூரி தோன்றிற்று. 1949-இல் அது பல்கலைக்கழகமாயிற்று. 2001-இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமாயிற்று. பணிக்களமும் வகுப்பறையும் அன்று கூப்பிடு தூரத்தில் இருந்தன. அந்தத் தூரம் இன்று எவ்வளவு என்பது ஆராயத்தக்கது.

பாலம், சுரங்கப்பாதை, உயர்ந்த கட்டடம் ஆகிய எதுவாயினும் இறுதியில் அதனைத் தாங்குவது நிலமே. எஃகின் வலிமையை ஆலையிலேயே வரையறுத்து விடுகிறோம். மண்ணும் பாறையுமோ இயற்கை வைத்துவிட்டுப் போன நிலையிலேயே நமக்குக் கிடைக்கின்றன. இஸ்தான்புல் நகரில் ஆசிரியராக இருந்த கார்ல் டெர்சாகி, எளிய கருவிகளைக் கொண்டு களிமண்ணைச் சோதித்து, 1925-இல் வெளியிட்ட நூலே இத்துறைக்கு அடிகோலிற்று. மண் துகள்களுக்கு இடையில் உள்ள நீர் பளுவின் ஒரு பகுதியை ஏற்கிறது. நீர் வெளியேற வெளியேறப் பளு துகள்களுக்கு மாறுகிறது. மண் இறுகி, மேலுள்ள கட்டடம் அமிழ்கிறது. களிமண்ணில் இதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம்.

பல ஆண்டுகள் நடப்பதை ஆய்வுக்கூடத்தில் காண இயலுமா? இயலும். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 4.5 மீட்டர் ஆரமுள்ள மையவிலக்குச் சுழற்சி இயந்திரம் ஒன்று உள்ளது. 30 சென்டிமீட்டர் உயரமுள்ள மண் மாதிரியைப் புவியீர்ப்பைப் போல் 100 மடங்கு விசைக்கு உட்படுத்திச் சுழற்றினால், அது 30 மீட்டர் உயரமுள்ள கரையைப் போல நடந்துகொள்ளும். நீர் வடியும் காலமோ 100-இன் வர்க்க அளவில், அதாவது பதினாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். ஓராண்டில் நிகழ்வதை ஏறக்குறைய 53 நிமிடங்களில் கண்டுவிடலாம். பொருளாதாரம் பயின்ற எனக்கு இது சற்றுப் பொறாமையைத் தருகிறது. எங்கள் துறையில் ஓராண்டைக் காண ஓராண்டு காத்திருக்கத்தான் வேண்டும்.

செனாப் பாலம் காட்டும் வழி

ஜம்மு-காஷ்மீரில் 2025 ஜூன் 6-ஆம் நாள் திறக்கப்பட்ட செனாப் ரயில் பாலம் ஆற்றுப்படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதன் வளைவின் நீட்டம் 467 மீட்டர். செய்தித்தாள்கள் எஃகு வளைவைப் புகழ்ந்தன. ஆனால் வளைவின் இரு கால்களும் ஊன்றி நிற்பது பிளவுகள் மலிந்த செங்குத்தான பாறைச் சரிவுகளின் மீது என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் புவித்தொழில்நுட்ப ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் இச்சரிவுகளின் உறுதிப்பாட்டில் ஈடுபட்டனர். தோண்டத் தோண்டப் பாறையின் நிலை முன்னர்க் கணித்ததிலிருந்து வேறுபட்டது. எனவே வடிவமைப்பை ஒரே தடவையில் முடித்து முத்திரையிடாமல், கண்டறிந்த நிலைக்கேற்ப அவ்வப்போது திருத்தினர். பாறைக்குள் எஃகு ஆணிகளைச் செலுத்தியும், பிளவுகளில் சிமெண்டுக் குழம்பை ஏற்றியும் சரிவை வலுப்படுத்தினர். பல்கலைக்கழக ஆய்வாளர் இறுதிவரை உடனிருந்ததால்தான் இம்முறை இயன்றது. ஒரு தடவை அறிக்கை வாங்கிக் கோப்பில் சேர்ப்பது வேறு, இது வேறு.

கொல்கத்தாவின் படிப்பினை வேறு வகையானது. அங்கு மெட்ரோ ரயிலுக்காக 2017-இல் ஹூக்ளி ஆற்றின் அடியிலேயே சுரங்கம் துளைத்து முடித்தனர். எல்லோரும் அஞ்சிய பகுதி அதுவே. ஆனால் 2019 ஆகஸ்ட் 31-ஆம் நாள், நகருக்குள் போபஜாரில், துளையிடும் இயந்திரம் நீர் தேங்கிய அடுக்கு ஒன்றைத் தாக்கிற்று. நிலம் உள்வாங்கியது, வீடுகள் இடிந்தன, மக்கள் வெளியேற்றப்பட்டனர். ஆற்றுக்கு அடியில் 2024 மார்ச்சில் ரயில் ஓடத் தொடங்கியது. போபஜார் வழியான இணைப்போ 2025 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பெரும் மூலதனம் முழுப்பயன் தராமல் முடங்கிக் கிடந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

செலவும் பதிவேடும்

திட்ட மதிப்பீடுகளைப் படித்துப் பழகியவன் என்ற முறையில் ஒன்று கூறலாம். செலவைக் குறைக்க வேண்டுமெனில் முதலில் கத்தரிக்கப்படுவது நில ஆய்வுக்கான தொகையே. தோண்டப்படாத ஆய்வுத் துளை எவர் கண்ணிலும் படுவதில்லை. அதனால் நேரும் நட்டமோ வேறோர் ஆண்டின் கணக்கில், ‘எதிர்பாராத நிலவியல் நிலை’ என்ற பெயரில் வந்து சேர்கிறது. அதனை யார் ஏற்பது என்று ஒப்பந்தக்காரரும் அரசும் வழக்காடுகின்றனர். நிலத்தடிப் பணிகளுக்கென ஃபிடிக் அமைப்பு 2019-இல் வெளியிட்ட மாதிரி ஒப்பந்தம், எதிர்பார்க்கத்தக்க நிலத்தின் தன்மையை முன்னதாகவே ஓர் அடிப்படை அறிக்கையில் வரையறுத்து, அதற்கு அப்பாற்பட்ட இடரை உடைமையாளரே ஏற்கச் செய்கிறது. இவ்வறிக்கையை எழுதவும் படிக்கவும் தெரிந்த பட்டதாரி வேண்டும். நம் கல்லூரிகள் பலவற்றில் மண் இயக்கவியல் கட்டாயப் பாடம். பாறை இயக்கவியலும் சுரங்கப் பொறியியலும் விரும்பினால் படிக்கலாம். ஒப்பந்தமோ கடைசி அத்தியாயம்.

இதைவிடப் பெரிய குறை பதிவேடுகளைப் பற்றியது. சுரங்கப் பாறையைத் தரம் பிரிக்க உலகெங்கும் வழங்கும் ‘கியூ’ முறை 1974-இல் நார்வேயில் உருவானது. இருநூறுக்கும் மேற்பட்ட சுரங்கங்களின் அனுபவப் பதிவுகளே அதற்கு மூலப்பொருள். அவை கோப்புகளிலேயே உறங்கியிருந்தால் அம்முறை பிறந்திராது. ஓரிடத்தில் இட்ட ஆய்வுத் துளையின் விவரம் அடுத்த பணிக்கும் பயன்படும். எத்தனை பேர் பயன்படுத்தினாலும் குறையாது. பொருளியலார் பொதுப்பண்டம் என்பது இதைத்தான். நம்மிடமோ திட்டம் முடிந்தவுடன் இவ்விவரங்கள் பலவும் அலுவலகப் பேழைக்குள் போய்விடுகின்றன. தோல்வியின் விவரம் இன்னும் ஆழமாகப் புதைகிறது. விசாரணை, வழக்கு, நற்பெயர் என அதற்குக் காரணங்கள் உண்டு.

உத்தரகாண்டின் சில்க்யாரா சுரங்கம் 2023 நவம்பர் 12-இல் இடிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே சிக்கினர். இயந்திரம் முறிந்தபின் கடைசிச் சில மீட்டர்களைக் கையாலேயே தோண்டிப் பதினேழாம் நாள் அனைவரையும் உயிருடன் மீட்டனர். மீட்பைப் பற்றி நாடே அறியும். அந்த இடத்தில் இடிவுக்கு முன் பாறை எவ்வாறு தரம் பிரிக்கப்பட்டது, எத்தகைய தாங்கல் இடப்பட்டது, அளவுகோல்கள் எந்த அசைவைக் காட்டின என்பவை முழுமையாக வகுப்பறைக்கு வர வேண்டும். பணி முடிந்த ஓராண்டிற்குள் நில ஆய்வு விவரங்கள் யாவும் அருகிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றிற்கு ஒப்படைக்கப்பட வேண்டுமென்று ஒப்பந்தத்தில் ஒரு விதி சேர்த்தால் போதும். அதற்குத் தனியாக நிதி ஒதுக்கீடு பெரிதாகத் தேவைப்படாது.