ஜன்னல் அடைத்த விமானம்



'பொருள்களின் வலிமை' நம்மில் பலரைப் படுத்தி எடுக்கும் பாடம். எனக்கு அதில் அரியரே விழுந்தது. மெல்லிய சுவர் உருளைச் சூத்திரத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய், பரீட்சை ஹாலில் மறந்துவிட்டு வந்தவன் நான். கடைசியில் ஒரு விமானம்தான் எனக்கு அதைப் புரியவைத்தது.

ஒருநாள் அதிகாலை திரிசூலம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தேன். எதிரே மீனம்பாக்கத்திலிருந்து ஜன்னலே இல்லாத ஒரு விமானம் மேலே ஏறியது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா லாரி ஷெட்டில் லோடுமேன். "அது சரக்கு வண்டிடா. ஆனா அவ்வளவு பெரிய லோடை எந்த வாசல் வழியா ஏத்துவான்? பிரேக் அடிச்சா சரக்கு முன்னால சரியாதா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏன் மாற்றுகிறார்கள்?

சரக்கு விமானங்களில் பல, ஒரு காலத்தில் பயணிகளை ஏற்றிச் சென்றவை. பதினைந்து, இருபது வருடம் ஓடிய விமானத்தை வாங்கி மாற்றுவது, புது விமானம் வாங்குவதைவிட மிகவும் மலிவு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ப்ளூ டார்ட் ஏவியேஷன் இயக்கும் போயிங் 757 விமானங்களும் இப்படி மாற்றப்பட்டவையே. 2020-ல் கொரோனா காலத்தில் பயணிகள் விமானங்கள் நின்றபோது, அவற்றின் வயிற்றில் போய்க்கொண்டிருந்த சரக்கும் நின்றது. அதன்பின் இந்த வேலைக்குக் கிராக்கி கூடியது.

எப்படி மாற்றுகிறார்கள்?

சீட், சமையலறை, கழிப்பறை எல்லாவற்றையும் கழற்றுகிறார்கள். ஜன்னல்களை அலுமினியத் தகட்டால் அடைக்கிறார்கள். தரையைத் தாங்கும் குறுக்கு உத்திரங்களைப் பலப்படுத்தி, மேலே சரக்குத் தட்டுகளைத் தள்ள உருளைகளும், நகராமல் பிடிக்கப் பூட்டுகளும் பொருத்துகிறார்கள். புகையைக் கண்டுபிடிக்கும் கருவிகளும் உண்டு. போயிங் 737-800 இப்படி மாறினால் சுமார் 23.9 டன் வரை ஏற்றலாம்.

இதில் கஷ்டமான வேலை கதவுதான். இடது பக்கம், இறக்கைக்கு முன்னால், சுமார் 3.5 மீட்டர் அகலம், 2.2 மீட்டர் உயரத்துக்கு உடம்பை வெட்ட வேண்டும். வெட்டும்போது விமானம் வளைந்துவிடாமல் முட்டுக் கொடுத்து நிறுத்துகிறார்கள்.

நம் சூத்திரம் இங்கே வருகிறது

உயரே பறக்கும்போது விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் அதிகம், வெளியே குறைவு. ஆக, உடம்பு ஒரு மெல்லிய சுவர் உருளை. அழுத்த வித்தியாசம் சுமார் 0.057 நியூட்டன்/ச.மி.மீ., விட்டம் 3,760 மி.மீ., தோலின் கனம் தோராயமாக 1 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சுற்றுத் தகைவு = அழுத்தம் × விட்டம் ÷ (2 × கனம்). விடை சுமார் 107 நியூட்டன்/ச.மி.மீ.

(உள்ளே இருக்கும் வளையங்களையும் நீளச் சட்டங்களையும் சேர்க்காத எளிய கணக்கு இது.)

தோலைச் சுற்றி ஓடும் இந்த இழுவிசை, வெட்டிய இடத்தில் எப்படிப் போகும்? ஓட்டையைச் சுற்றித்தான் போக வேண்டும். அதற்காக ஓரங்களில் கூடுதல் தகடும் கனமான வளையங்களும் வைக்கிறார்கள். கதவைக் காற்று வெளியே தள்ளும் விசை சுமார் 44 டன். அப்பாவுக்குப் புரிகிற கணக்கில் 50 கிலோ மூட்டை 880! அந்த விமானத்தின் பயணிகள் கதவை உள் அழுத்தமே சட்டத்தோடு இறுக்கிப் பிடிக்கும். சரக்குக் கதவோ வெளிப்பக்கம் திறப்பது. கீல்களும் தாழ்களும்தான் அவ்வளவையும் தாங்க வேண்டும்.

அப்பாவின் இரண்டாவது கேள்வி

விமானம் மோதி நின்றால் சரக்கு விமானிகள் மேல் சரியக்கூடாது. அதனால் விமானி அறைக்குப் பின்னால் கெட்டியான தடுப்புச் சுவரோ வலையோ வைக்கிறார்கள். சரக்கு தன் எடையைப்போல் 9 மடங்கு விசையோடு முன்னால் வந்தாலும் அது தாங்க வேண்டும் என்பது விதி.

கணக்கு தப்பினால்?

அமெரிக்காவில் போயிங் 747 விமானங்கள் பத்தை இப்படி மாற்றியிருந்தார்கள். அவற்றின் பலம் சரியாக நிரூபிக்கப்படவில்லை என்று கண்டறிந்த அந்நாட்டு விமானத் துறை, 1996 ஜனவரியில் சரக்கு அளவைச் சுமார் 54 டன்னாகக் குறைத்தது. அவை அதுவரை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஏற்றிவந்தவை. அந்தச் சுமையில் பறப்பது லாபமில்லாமல் போனது. பறந்துகொண்டிருந்த விமானத்தையே கணக்கு தரையில் நிறுத்திவிட்டது பாருங்கள்!

இதையெல்லாம் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருத்தன்தான். கேட்டுவிட்டு, "அந்தக் கதவை மாட்டுறவங்க என்னடா படிச்சிருப்பாங்க?" என்றார். "என்னை மாதிரி டிப்ளமோ படிச்சவங்களும் இருப்பாங்கப்பா" என்றேன். ஹைதராபாத்தில் 737-ஐ மாற்றும் பிரிவு அமைக்கப்போவதாகப் போயிங்கும் ஜிஎம்ஆர் நிறுவனமும் 2023-ல் அறிவித்ததையும் சொன்னேன். "அப்ப அந்த அரியரை முதல்ல முடி" என்றார்.

முடித்துவிட்டேன் நண்பர்களே. மெல்லிய சுவர் உருளைக் கணக்கு அந்தப் பரீட்சையிலும் வந்திருந்தது. இந்தமுறை மறக்கவில்லை.