தொப்பி பின்னியவர் நடந்த அருவியாறு

நம் வாசகர்களில் பலருக்கு வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஒரு சொந்தக்காரர் இருப்பார். 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போய்க் குடியேறியவர்கள் அவர்கள். "அங்க என்ன இருக்கு, வெறும் காடுதானே" என்று லயத்தில் பேசிக்கொள்வதை நாமும் கேட்டிருக்கிறோம். அந்தக் காட்டுக்கும் நம் மலைக்கும், உலகமெல்லாம் படிக்கிற ஓர் ஆங்கிலக் கதைக்கும் ஒரு தொடர்பு உண்டு.

லண்டன்காரரான ராபர்ட் நொக்ஸ் 1660 இல் கொட்டியாரக் குடாவில் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் அகப்பட்டார். கப்பல் தலைவரான தகப்பனாரும் கூடவே பிடிபட்டார். மகனுக்கு அப்போது இருபது வயது கூட ஆகவில்லை. தகப்பனார் அடுத்த வருசமே காய்ச்சலில் இறந்துபோனார்.

சிறை என்றால் கம்பி போட்ட சிறை இல்லை. ஊருக்குள் நடமாடலாம், பிழைக்கலாம், நாட்டை விட்டுத்தான் போக முடியாது. துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாதிருந்த காலத்தை (அந்த முறை 1921 இல்தான் ஒழிந்தது) பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். கம்பளைப் பக்கம், உடுநுவரையில் எலதெத்த என்ற ஊரில் காணி வாங்கி வீடும் கட்டினார். பிறகு மிளகு, வெள்ளைப்பூண்டு, சீப்பு, புகையிலை, இரும்புச் சாமான் என்று மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே ஊர் ஊராக வியாபாரம் போனார். வியாபாரம் ஒரு சாட்டு. வழி படிக்கத்தான் போனார்! வடக்கே சில வருசம் கடும் வறட்சி, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் திரும்பி வந்ததும் உண்டு.

1679 செப்டெம்பர் 22 அன்று ஸ்டீபன் ரட்லண்ட் என்ற கூட்டாளியோடு கடைசியாகப் புறப்பட்டார். அநுராதபுரம் தாண்டியதும் பாதையை விட்டு ஆற்றைப் பிடித்தார்கள். சிங்களத்தில் மல்வத்து ஓயா, நமக்கு அருவியாறு. யானைக்குப் பயந்து இரவில் நெருப்பு மூட்டிப் படுத்தார்கள். அதற்கப்பால் தமிழர் வாழும் வன்னி. அங்கே கண்டி மன்னன் சொல் செல்லாது, வன்னியர்களே தலைவர்கள். கைலை வன்னியன் பெயரை நொக்ஸ் தன் புத்தகத்தில் எழுதியே வைத்திருக்கிறார். சிங்களம் நன்றாகப் பேசிய அவருக்குத் தமிழ் தெரியாது. பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று கடைசிவரை பயம். ஒக்டோபர் 18 இல் அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தார்கள். அகப்பட்டுப் பத்தொன்பதரை வருசம்!

அவருடைய புத்தகம் 1681 இல் லண்டனில் வெளிவந்தது. டானியல் டீஃபோ 1719 இல் 'ரொபின்சன் குரூசோ' எழுத அது தூண்டியது என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். அடுத்த வருசம் 'கப்டன் சிங்கிள்டன்' என்ற நாவலில் நொக்ஸின் கதையை டீஃபோ பெயரோடேயே சொல்லியிருக்கிறார். ஆனால் குரூசோ ஆளில்லாத தீவில் கிடந்தவன். நொக்ஸுக்குச் சோறு போட்டதும் வழி சொன்னதும் நம் ஊர்ச் சனங்கள். கதையில் அவர்களைக் காணோமே என்பது நமக்கு ஒரு குறைதான்.

அதே அருவியாறு செட்டிகுளம் பக்கமாகத்தான் ஓடுகிறது. 2009 இல் மெனிக் பாம் முகாம்களைக் கம்பிவேலி போட்டு அமைத்தது அந்தப் பகுதியில்தான். வெளியே போகவிடாமல் வைக்கப்பட்டவர்களில், மலையிலிருந்து வன்னிக்குப் போன நம் ஆட்களும் இருந்தார்கள். 2012 செப்டெம்பரில்தான் கடைசிக் குடும்பங்களும் வெளியேறின.

செட்டிகுளத்தில் சொந்தம் உள்ளவர்கள் அடுத்த முறை போகும்போது ஆற்றங்கரைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.