முந்திரிகைப் பந்தலும் மூன்று போத்தல்களும்

யாழ்ப்பாணம் போய் வருகிறவர்களின் பைகளில் பனங்கட்டியோடு ஒரு போத்தலும் வருவதை நம்மில் பலர் கண்டிருப்போம். நெல்லிரசம், முந்திரிகைச்சாறு, அல்லது 'றொசெற்றோ' எனப்படும் இனிப்பு வைன். செபமாலைத் துறவற இல்லங்களின் கைவேலை இது.

1928இல் அருட்தந்தை தோமஸ் அ.ம.தி. வசாவிளானைச் சேர்ந்த தோலகட்டியில் இச்சபையைத் தொடங்கினார். மௌனம், செபம், உழைப்பு என்பதே அங்கு வாழ்க்கை. அப்பகுதி மண்ணும் உழைப்புக்கு ஏற்றதாய் அமைந்தது. சுண்ணக்கல்லின் மேல் செம்மண், கீழே கிணற்று நீர். முந்திரிகைக் கொடியைக் கத்தரித்து மூன்று மாதத்துக்குச் சற்று மேலானால் பழம் எடுக்கலாம். பழுக்கும் வேளையில் மழை பெய்தால் பழம் வெடிக்கும், பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே மாரியைத் தவிர்த்துக் கத்தரிப்பதே இப்பயிரின் சூட்சுமம்.

1990இல் போர் வலிகாமம் வடக்கை வெறுமையாக்கியது. வசாவிளான் உயர்பாதுகாப்பு வலயத்துள் போயிற்று. 2009க்குப் பின்னரே காணிகள் பகுதி பகுதியாக விடுபட்டன. காணியை விட்டு வந்த நமக்கு இக்கதையை விளக்கத் தேவையில்லை. பந்தலைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, செய்முறையைக் கொண்டுபோகலாம். அந்தப் போத்தல்களின் பெயர் அழியவில்லை.

மூன்று போத்தலுக்கும் உள்ள வேறுபாடு என்ன? பழச்சாற்றிலுள்ள சீனியை மதுவம் மதுசாரமாக மாற்றுவதே நொதித்தல், அதுதான் வைன். சூடாக்கி மதுவத்தைக் கொன்றால் சாறு சாறாகவே நிற்கும். றொசெற்றோவில் கறுவாவும் கராம்பும் மணக்கும். அதனால் அது பூசைக்கு ஆகாது. பீடத்துக்குரிய இரசம் வேறெதுவும் கலவாத தூய முந்திரிகை இரசமாக இருக்கவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம்.

எங்கள் எண்ணத்தில் நமக்குரிய பாடம் நெல்லியில்தான் இருக்கிறது. தனியே தின்னப் புளித்துத் துவர்க்கும் காய், சீனி சேர்ந்ததும் விலைபோகிறது. அதற்குப் பந்தலும் வேண்டாம். மாரியில் வெள்ளம் நிற்கும் சொறிக்கல்முனை வயற்பக்கத்தில் முந்திரிகையை நம்பி இறங்கும்படி நாம் சொல்லமாட்டோம். நெல்லி, கொய்யா, விளா போதும். மதுவரித் திணைக்கள அனுமதியின்றி வைன் செய்வது குற்றம். சாற்றுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கல்முனை, சம்மாந்துறைச் சந்தைகளில் முஸ்லிம் அயலவரும் தயக்கமின்றி வாங்குவர்.

பழுதற்ற பழத்தைக் கழுவிச் சாறெடுத்து, வடித்து, சீனி சேர்த்துச் சூடாக்குங்கள். கொதிநீரில் அவித்த போத்தலில் சூட்டோடு ஊற்றி உடனே மூடுங்கள். சில நாட்களில் நுரை கிளம்பினால், அல்லது மூடி உப்பினால், மதுவம் உயிரோடிருக்கிறது என்று பொருள். அப்போத்தலை விற்கவேண்டாம், கொட்டிவிடுங்கள்.