இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம்

முத்தியால்பேட்டையில் அரசுப் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். எனக்கு ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. இரண்டும் இருப்பது 44 வயதில்தான் தெரிந்தது. பி.எட். படித்த காலத்தில் இவற்றைத் தனித்தனியாகவே அறிந்திருந்தேன். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, இரண்டையும் ஒருவரிடமே கண்டறிய 2013இல்தான் இடமளித்தது.

ஒன்று மற்றொன்றை மறைக்கும். கால அட்டவணை மாறினால் பதறுவேன்; அதே அட்டவணையைப் பார்க்கவும் மறப்பேன். சிறுவயதில் 'சோம்பேறி', 'திமிர்' என்றார்கள். நானும் நம்பினேன்.

என் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி, மணியடித்தால் காதைப் பொத்திக்கொள்வாள். வீட்டுப்பாடத்தை முடித்திருப்பாள், நோட்டை எடுத்துவர மறப்பாள். "கவனமே இல்லை" என்று நானும் அவளைக் கண்டித்திருக்கிறேன். என்னை அறிந்தபின் அந்தச் சொல் உறுத்தியது.

இப்போது செய்பவை:
1. அன்றைய பாடவேளைகளைக் கரும்பலகையில் எழுதுகிறேன்.
2. மாற்றம் இருந்தால் முன்பே சொல்கிறேன்.
3. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் தருகிறேன்.
4. இடையில் எழுந்து நடக்க, நோட்டுகளை விநியோகிக்கச் சொல்கிறேன்.
5. வீட்டுப்பாட நோட்டின் ஒரு பிரதி வகுப்பிலேயே இருக்கும்.

குறைபாட்டுக்குப் பெயர் சூட்டுவது நம் வேலையன்று; அது மருத்துவருடையது. கண்டதைக் குறித்துவைத்துப் பெற்றோரிடம் பக்குவமாகச் சொல்வது நம் வேலை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஆட்டிசத்தை 21 வகைகளுள் ஒன்றாக ஏற்றிருப்பதையும் எடுத்துச் சொல்லலாம்.

அவள் 44 வயதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.