ஒரு பல் போச்சு... எதை வைக்கலாம்?

கடைவாய்ப் பல்தானே, வெளியே தெரியாது என்று விட்டுவிட்டீர்களா? ஞானப்பல் என்றால் சரி. மற்றதென்றால் பக்கத்துப் பற்கள் மெல்ல இடைவெளியில் சாயும். எதிர்ப் பல்லும் அதை நோக்கி நீளும். அப்புறம் பல் வைக்க இடமே இருக்காது.

கழற்றி மாட்டும் பல்லுக்குச் செலவு குறைவு. ராத்திரி கழற்றித் தண்ணீரில் போடணும்.

'பிரிட்ஜ்' சீக்கிரம் முடியும். ஆனால் இருபுறப் பற்களையும் தேய்த்துச் சிறிதாக்கணும். அவற்றில் ஏற்கெனவே பெரிய அடைப்பு இருந்தால் பரவாயில்லை. சொத்தையே இல்லாத பற்களா? நல்லா யோசியுங்க, தேய்த்தது திரும்ப வளராது.

'இம்பிளான்ட்' பக்கத்துப் பல்லைத் தொடாது. டைட்டானியம் திருகு தாடை எலும்போடு சேர 3 முதல் 6 மாதம் ஆகலாம், செலவும் அதிகம். கட்டுப்படாத சர்க்கரை, புகைப்பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீங்க. திருகு பிடிக்காமல் போகும் வாய்ப்பு கூடும். திருகின் கம்பெனி, அளவு உள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி, செல்போனில் படம் எடுத்து வையுங்க. பின்னாளில் தளர்ந்தால் வேறு ஊர் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

இன்னொரு கருத்து வேணுமா? சென்னை, புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் எக்ஸ்ரேயைக் காட்டிக் கேட்கலாம்.