சுற்றினால் திறக்கும் பெட்டி: செய்வதும் காட்டுவதும்

ஒரு மரப்பெட்டி. பூட்டு இல்லை, சாவித்துவாரம் இல்லை. மேலே குமிழ் வைத்த ஒரு மூடி, அவ்ளோதான். இழுத்தால் வராது. குலுக்கினால் உள்ளே ஏதோ கடகடன்னு சத்தம் கேட்கும், ஆனாலும் வராது. மேசையில் வைத்து ஒரு சுண்டு சுண்டிச் சுற்றிவிட்டு, நின்றதும் குமிழைத் தூக்கினால் மூடி கையோடு வந்துவிடும்.

புதிர்ப் பெட்டிகளுக்குப் பேர்போன ஊர் ஜப்பானின் ஹக்கோனே. அங்கே செய்யும் ஹிமிட்சு-பாகோ பெட்டிகளில் பக்கப் பலகைகளைச் சரியான வரிசையில் நகர்த்த வேண்டும். 10 அசைவில் திறப்பதும் உண்டு, 72 அசைவு கேட்பதும் உண்டு. அந்தத் தச்சு வேலைக்குப் பல வருடப் பயிற்சி வேணும். நம்ம பெட்டிக்கு ஒரு டிரில்லும் முதலாண்டு மெக்கானிக்ஸும் போதும்.

எப்படிப் பூட்டுகிறது?

மூடியின் அடியில் ஒரு சதுரக் கட்டை இருக்கிறது. அதன் நாலு பக்கமும் ஒரு துளை. எதிரே பெட்டிச் சுவரிலும் துளை. இரண்டுக்கும் நடுவே பாலம் மாதிரி ஒரு பின். பெட்டியை எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரு பின் வெளியே ஓடும், எதிர்ப்பக்கப் பின் உள்ளே வந்து கட்டையைப் பிடித்துக்கொள்ளும். நாலும் ஒரே நேரத்தில் வெளியே போக ஒரே வழி, பெட்டியைச் சுற்றுவதுதான்.

கணக்கு சின்னது. பின் நகர, ω²r என்பது μg-ஐ விட அதிகமாக இருக்கணும். μ 0.4, r 4 செ.மீ. என்று வைத்தால் ω சுமார் 10 ரேடியன், அதாவது விநாடிக்கு ஒன்றரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேல். விரலால் சுண்டினாலே வரும் வேகம். பின்னின் எடை இந்தக் கணக்கில் வரவே இல்லை, கவனித்தீர்களா? அதனால் இரும்புக்குப் பதில் பித்தளைக் கம்பி போடுங்க. இல்லன்னா யாராவது ஒருத்தர் காந்தத்தோடு வந்து நிற்பார்.

செய்முறை

1. 18 மி.மீ. பிளைவுட்டில் உள்ளளவு 81 மி.மீ. சதுரமாகப் பெட்டியை அடியோடு சேர்த்து ஒட்டுங்கள்.

2. 80 மி.மீ. சதுரத் துண்டுகள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினால் 36 மி.மீ. கனமுள்ள கட்டை கிடைக்கும். அதன் மேல் மூடிப் பலகையும் குமிழும். கட்டை மெலிசாக இருந்தால், ஒரே பின் பிடித்திருக்கும்போது மறுபக்கத்தை நெம்பித் திறந்துவிடலாம்.

3. மூடியைப் போட்டு, கட்டையின் மேல் துண்டுக்கு நேராக, ஒவ்வொரு சுவரின் நடுவிலும் வெளியிலிருந்து 5 மி.மீ. டிரில்லால் 26 மி.மீ. ஆழம் துளையுங்கள். டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். துளை கட்டைக்குள் 8 மி.மீ.க்குமேல் போகவே கூடாது. ரொம்ப ஆழமாகப் போனால் பின் முழுசாகக் கட்டைக்குள் ஒளிந்துகொள்ளும், பூட்டாது.

4. மூடி எந்தத் திசையில் உட்கார்ந்தது என்று உள்பக்கம் குறியிடுங்கள். பிறகு மூடியை எடுத்துவிட்டு, சுவரின் வெளிப்பக்கத் துளைகளை மெல்லிய வெனீர் ஒட்டி மறையுங்கள்.

5. 4 மி.மீ. கம்பியில் 15 மி.மீ. நீளத்துக்கு நாலு துண்டு வெட்டி, முனைகளை அரம் போட்டு மழுக்குங்கள். அவற்றைச் சுவர்த் துளைகளுக்குள் முழுசாகத் தள்ளி, பெட்டியைச் சமமாக வைத்து மூடியை இறக்குங்கள். இப்போது சாய்த்தால் பூட்டிக்கொள்ளும்.

6. அடியில் நட்டநடுவே ஒரு வாஷர் ஒட்டினால் நன்றாகச் சுழலும்.

காட்டும் முறை

யார் கையிலும் கொடுக்கும் முன் பெட்டியை 30 டிகிரியாவது சாய்த்துவிடுங்கள். μ 0.4 என்றால் சுமார் 22 டிகிரிக்குக் கீழே பின் அசையாமல் கிடக்க வாய்ப்புண்டு.

அடுத்தது முக்கியம். பொய் சொல்லாதீங்க. "ஒரு பட்டன் இருக்கு, தேடு" என்று திசைதிருப்பினால் நீங்கள் ஜெயிப்பீர்கள், பெட்டி தோற்கும். விடை தெரிந்ததும் "அட, இது எனக்குத் தோணியிருக்கணுமே" என்று அவர் சொல்ல வேண்டும். "ஏமாத்திட்டீங்க" என்று சொன்னால் காட்டியது வீண்.

பெட்டியை வாங்குபவர் முதலாண்டு மாணவர், சுற்றிலும் பத்து சீனியர் என்றால் இன்னும் கவனம் தேவை. தெரிந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தால் அது புதிர் இல்லை, ராகிங். அவர் அடுத்த தடவை எந்த ஸ்டாலுக்கும் வரமாட்டார். அதனால் குறிப்புகளைத் தயாராக வைத்திருங்கள். இரண்டு நிமிடம் ஆனதும்: "உள்ளே நாலு பின் இருக்கு, நாலும் வெளியே போகணும்." இன்னும் இரண்டு நிமிடம் கழித்து எதுவும் பேசாமல் பக்கத்தில் ஒரு பம்பரத்தை வையுங்கள்.

பெரும்பாலும் அங்கேயே முகம் மாறும். அவரே சுற்றட்டும், அவரே திறக்கட்டும். உள்ளே ஒரு மிட்டாய் இருந்தால் நல்லது. பிறகு மூடியைக் கழற்றிப் பின்களைக் காட்டி, கணக்கையும் சொல்லிக்கொடுங்கள். அடுத்து வருபவரிடம் பெட்டியை நீட்டுவது அவராகவே இருக்கட்டும்.